சுவருக்குள் ஓடிய மோட்டார்

அன்று காலை ஆறரை மணிக்குப் பூசணி வயலில் இருந்தவர்கள்: ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக நின்று, கால் நரம்பு சுருண்ட பிறகு வேலையை விட்ட அக்கா. அவளுடைய கணவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விசிலை மட்டும் இன்னும் கழுத்திலிருந்து கழற்றாதவர். அக்காவின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். தம்பியின் மனைவி, தையல்காரி. வேலியை மதிக்காத பதினோரு வாத்துகள். கயிற்றை அவிழ்க்கத் தெரிந்த ஓர் ஆடு, தெரியாத இன்னோர் ஆடு. முந்நூற்று இருபது பூசணிக் கொடிகள்.

நிலைத்த பிஞ்சு ஒன்றுகூட இல்லை.

இவர்கள் இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. வாராவாரம் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும், புதிதாக வருபவர்களுக்காகச் சில வரிகள். தாத்தா உழுத நாலு ஏக்கர், அப்பா உழாமல் போட்ட அதே நாலு ஏக்கர். அதில் ஆடு, கோழி, வாத்து, மீன், காய் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வைப்பது, ஒன்று காலை வாரினால் இன்னொன்று தாங்கும் என்பது அக்காவின் திட்டம். மீன் குளம் பாதி வெட்டியதோடு நிற்கிறது. கோழிகள் முட்டையிடும் வயதுக்கு வரவில்லை. ஆகவே முதல் அறுவடை பூசணிதான். அது வந்தால் இருப்பது. வராவிட்டால், கிடங்கு கட்டக் கேட்டவருக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு அவரவர் பழைய வேலைக்குத் திரும்புவது. சமையலறை மேஜையில் நாலு பேரும் உட்கார்ந்து பேசி முடித்தது இது.

அதே மேஜையில் பதில் கிடைக்காத கேள்விகள் இரண்டு. வீட்டின் பின்பக்க அறை ஏன் பூட்டிக் கிடக்கிறது? அக்கா எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு போகும் அந்தத் தகர டப்பாவில் என்ன இருக்கிறது? முதல் கேள்விக்கு "அப்பா பூட்டினாரு" என்பாள். இரண்டாவதற்கு "மாத்திரை" என்பாள். அதற்கு மேல் அக்காவைக் கேள்வி கேட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை.

லிஃப்ட்காரன் மண்டியிட்டு ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தான். மஞ்சள் பூ. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குட்டிப் பூசணி. பச்சையாக இருக்க வேண்டியது மஞ்சளாகச் சுருங்கியிருந்தது. விரலால் தொட்டான். கையோடு வந்துவிட்டது.

அடுத்த கொடி. அதுவும் வந்துவிட்டது.

இருபது கொடி தாண்டியபோது அவன் சட்டைப்பை குண்டு குண்டாகப் புடைத்திருந்தது.

"ஏறின பாசஞ்சர் எல்லாம் அடுத்த ஸ்டாப்லயே இறங்கிடுறான், மாப்ளே," என்றார் கண்டக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"தண்ணி?" என்றாள் அக்கா.

"சரியா போகுது. நேத்து நானே ஒவ்வொரு குழாயும் பாத்தேன்."

"உரம்?"

"அளந்து வச்சது. பூச்சி இல்ல. இலையப் பாரு, குடை மாதிரி இருக்கு."

கரன்ட் இருக்கிறது, கதவு மூடுகிறது, கயிறு நன்றாக இருக்கிறது, ஆனாலும் லிஃப்ட் நகரவில்லை என்றால் எங்கோ ஒரு சின்ன இடத்தில் இரண்டு தகடு ஒன்றையொன்று தொடவில்லை என்று அர்த்தம். இருபது வருடத்தில் அவன் கற்றது அவ்வளவுதான். எந்த இடம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

அவன் மனைவி தலையைச் சாய்த்து நின்றிருந்தாள். அளவு டேப் அன்றும் கழுத்தில் தொங்கியது. வயலுக்கு எதற்கு டேப் என்று கேட்டால், நீங்க ஸ்குரூ டிரைவர் இல்லாம தூங்குவீங்களா என்பாள்.

"அந்தச் சத்தம் இல்லையே," என்றாள்.

"எந்தச் சத்தம்?"

"காலைல பூ விரியிற நேரத்துக்கு ஒண்ணு கேட்கும்ல. பவர் மெஷின ஆன் பண்ணிட்டு, பெடல்ல கால மட்டும் வச்சிருந்தா கேட்குமே, அந்த மாதிரி. நாலு நாளா கேட்கல."

"அது பக்கத்து நிலத்து மோட்டார்."

"பக்கத்து நிலத்துல ஏது மோட்டார்?" என்றார் கண்டக்டர். "அங்க முள்ளுதான் இருக்கு. முள்ளுக்கு எவன் தண்ணி பாய்ச்சுறான்?"

லிஃப்ட்காரன் எழுந்து நின்றான். காது கொடுத்தான். வாத்துகள் சலசலத்தன. எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது. முந்நூற்று இருபது கொடியிலும் பூக்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒரு பூவில்கூட எதுவும் போகவில்லை, வரவில்லை. நாலு நாளாக அவன் இந்த வரப்பில்தான் நடந்துகொண்டிருந்தான். மகரந்தம் தூக்க ஒரு தேனீகூட இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

நாலு நாள்.

நாலு நாளைக்கு முன்னால் என்ன செய்தோம் என்று எண்ணிப் பார்த்தான். வாத்துக் கொட்டகைக் கதவுக்குக் கொக்கி போட்டான். கோழிக்குஞ்சுக் கொட்டகைக்கு ஒயர் இழுத்தான். அதற்காக மெயினை அணைத்து, தன் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டான். டீ போடக் கரன்ட் இல்லை என்று கண்டக்டர் ஏணிக்குக் கீழே நின்று அரை மணி நேரம் புலம்பினார். அவன் இறங்கவில்லை. ஆபத்துக்குள்ளே போகிறவன் எவனோ அவன் பையில்தான் சாவி இருக்க வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. அது அவன் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை மதிக்காத இரண்டு பேரை அவன் மூட்டையாகத்தான் பார்த்திருக்கிறான்.

ஒயரை இழுத்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டின் பின்சுவரில், கூரைக்கு ஒரு முழம் கீழே, பழைய குழாய் போன ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. நாலு விரல் அகலம்.

ஓட்டையைப் பார்த்தால் அவனால் சும்மா போக முடியாது. ஓட்டை வழியாக எலி வரும், எலி ஒயரைக் கடிக்கும், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும், உள்ளே ஒரு கர்ப்பிணி இருப்பாள். அவன் வாழ்க்கையில் நடந்த கதை அது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு ஓட்டை அடைத்திருந்தான். இது இருபத்து மூன்றாவது. லிஃப்ட் வேலையில் போல்ட் பதிக்கிற சிமென்ட்டைக் குழைத்து, கரண்டியால் அப்பி, கட்டை விரலால் வழித்துவிட்டு இறங்கினான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

இப்போது வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அந்தச் சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?" என்று மனைவியைக் கேட்டான்.

"வீட்டுக்குப் பின்னாலேர்ந்து. ஏன், முகம் ஒரு மாதிரி ஆகுது?"

அவன் வீட்டை நோக்கி வேகமாக நடந்தான். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஆடும் வந்தது, கயிறு அவிழ்க்கத் தெரிந்தது.

பின்சுவரில் அவன் பூசிய சிமென்ட் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அதன் மேல் கைப்பிடி அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அசைந்தது.

அன்று மாலை வீடு திரும்பத் தாமதமான தேனீக்கள். திரும்பி வந்து பார்த்தபோது வாசல் இல்லை. நாலு நாளாக அவை வேறெங்கும் போகவில்லை. வாசல் இருந்த இடத்திலேயே ஒன்றன் மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டு காத்திருந்தன. பாதி கீழே செத்துக் கிடந்தன.

அவன் இன்னும் இரண்டு அடி வைத்தான். பின்னாலிருந்து சட்டைக் காலர் இழுபட்டது. கழுத்து நெரிந்தது.

"உள்ள போ," என்றாள் அக்கா.

"என்னக்கா, பாத்துட்டு..."

"உள்ள போடா."

அக்கா அவனை "டா" போட்டு இந்தக் குரலில் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஒரு கை அவன் காலரில், இன்னொரு கை தகர டப்பாவில். நாற்பத்திரண்டு வயது ஆளை ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் விட்டாள்.

நடையின் கடைசியில் அந்தப் பூட்டிய அறை. பலகைக் கதவு, மேலே தகரம் அடித்தது. கதவுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி, அழுக்கில் சுவரோடு சுவராகிவிட்டது. அறையின் ஜன்னலை அப்பா செங்கல் வைத்து அடைத்திருந்தார். வெளிச்சுவரில் மிச்சமிருந்த ஒரே துவாரம் அந்தக் குழாய் ஓட்டை. அதையும் மகன் அடைத்துவிட்டான்.

அக்கா தன் அறைக்குப் போய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்தாள். வேலையை விட்ட அன்று எல்லாவற்றையும் ஒப்படைத்தவள், அதை மட்டும் ஒப்படைக்க மறந்துவிட்டதாகச் சொல்வாள். காதில் மாட்டி, வட்டத் தகட்டைச் சுவரில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி.

மூச்சை இழுத்துப் பிடித்தாள். காதிலிருந்து கழற்றி நாத்தனாரின் கடமைபோல் முதலில் தம்பி மனைவியிடம்தான் கொடுத்தாள்.

தையல்காரி கேட்டாள். கண் அகலமானது. "அண்ணி, இது ஒரு மெஷின் இல்ல. இது ஃபேக்டரி."

கண்டக்டர் கேட்டார். கேட்டுவிட்டு, பஸ்ஸில் சில்லறை கேட்பவரைப் பார்ப்பதுபோல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லிஃப்ட்காரன் கடைசியாக வாங்கினான்.

மோட்டார் சத்தத்தை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை மாடி ஏறுகிறது, எத்தனை பேர் உள்ளே, பேரிங் எப்போது போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இந்தச் சத்தம் அவன் கேட்ட எதிலும் சேரவில்லை. அதற்கு ஆரம்பம் இல்லை, விட்டுப்போகும் இடம் இல்லை. தகட்டைத் தலைக்கு மேலே வைத்தான், இருந்தது. இடுப்பு உயரத்தில் வைத்தான், இருந்தது. உட்கார்ந்து தரையோரம் வைத்தான். அங்கேயும் இருந்தது. இரண்டு ஆள் அகலச் சுவர் முழுக்க உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நாலு மாதமாக அவன் தினமும் பல் துலக்கிக்கொண்டே நடந்திருக்கிறான்.

"ஏணி," என்றான்.

"வேண்டாம்," என்றாள் அக்கா.

"கதவத் திறக்கல. கண்ணாடி வழியா பாக்கறேன். அவ்வளவுதான்."

அக்கா கண்ணாடியின் நாலு ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். மயிரிழை விரிசல்கூட இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ட்ரேயில் கத்தரிக்கோல்களை எண்ணும் பார்வை அது. பிறகு தலையை அசைத்தாள்.

அவன் ஏறினான். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. கூரையிலிருந்து திரைச்சீலைகள் தொங்குகின்றன என்றுதான் நினைத்தான். வரிசை வரிசையாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு. சில ஆள் உயரம். கதவுப் பக்கம் இருந்தவை கறுப்பு. அதற்குப் பின்னால் பழுப்பு. அதற்கும் பின்னால் தேன் நிறம். எல்லாவற்றுக்கும் கடைசியில், புதிதாகக் கட்டியது, காகிதம்போல் வெள்ளை. பல வருடக் கட்டடம் ஒரே வெளிச்சத்தில் தெரிந்தது. பிளான் இல்லை, மேஸ்திரி இல்லை. ஒரு சுவர்கூடக் கோணவில்லை.

பிறகு அந்தத் திரைகள் நெளிந்தன. அவை துணி இல்லை, அடை. அடையின் மேல் ஒரு அங்குலம் வெறுமையாக இல்லாமல் தேனீக்கள்.

பதினொரு வரிசை வரை எண்ணினான். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. கோவிலோ, கடலோ, நாற்பது மாடிக் கட்டடத்தின் உச்சியோ, பெரிய இடம் என்று அவன் நின்ற எந்த இடத்திலும் அவன் வாய் இப்படித் திறந்துகொண்டதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை அது. சாமான் போட்டு வைக்கலாம் என்று போன மாதம் அளவெடுக்கப் பார்த்த அறை.

டார்ச்சை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினான். ஓட்டை இருந்த இடம்.

சிமென்ட்டைச் சுற்றி, வட்டம் வட்டமாக, ஆயிரக்கணக்கில் நின்றன. எல்லாத் தலையும் ஒரே பக்கம், ஓட்டையைப் பார்த்து. எல்லா இறக்கையும் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே சூடு ஏறிவிட்டது, காற்றை வெளியே தள்ளுகின்றன. தள்ள வெளியே வழி இல்லை. அப்படியும் நிறுத்தவில்லை. களைத்த ஒன்று கீழே விழுந்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று நடந்து வந்து நின்று இறக்கையை எடுத்தது. தரையில் விழுந்தவை ஒரு விரல் கனம் இருக்கும்.

லிஃப்டில் மாட்டிக்கொண்ட மனிதர்களை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறான். கதவை உதைப்பார்கள், மணியைப் பிடித்து அமுக்குவார்கள், அவன் போய்த் திறந்துவிட்டால் அவன் அம்மாவைத் திட்டுவார்கள். இவை உதைக்கவில்லை. முறை போட்டு விசிறிக்கொண்டிருந்தன.

"என்னங்க தெரியுது?" என்று கீழிருந்து மனைவி கேட்டாள்.

டார்ச் வெளிச்சம் தானாகக் கீழே இறங்கியது. ஒரு இரும்புக் கட்டில். கட்டிலுக்கு அடியில் மிகப் பழைய அடை, கரி மாதிரி. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னதாக மூன்று சக்கரம். கைப்பிடியிலிருந்து இருக்கை வரைக்கும் மெழுகு மூடியிருந்தது. மூடாத இடத்தில் சிவப்புப் பெயின்ட்.

"அக்கா. உள்ள ஒரு குட்டி சைக்கிள் இருக்கு."

குனிந்து பார்த்தான். அக்கா நடையின் தரையில் உட்கார்ந்திருந்தாள், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு.

"யாருதுக்கா?"

"உன்னுது."

அவன் இறங்கி வந்தான்.

அக்கா கதை சொல்லத் தெரியாதவள். டாக்டரிடம் நோயாளி விவரம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "உனக்கு நாலு வயசு. கட்டிலுக்கு அடியில ஒரு கூடு இருந்துச்சு, உள்ளங்கை அளவு. நீ சைக்கிள்ல போய் முட்டின. ஒண்ணு கொட்டிச்சு. ஒண்ணே ஒண்ணு, காதுக்குக் கீழ. அஞ்சு நிமிஷத்துல உதடு வீங்கிச்சு, மூச்சு விசில் அடிச்சுது, அப்புறம் விசிலும் நின்னுச்சு. அப்பா உன்னத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாரு. ஒரு பால் வண்டி வந்துச்சு, அதுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. அது வரலைன்னா இன்னிக்கு நாம மூணு பேர்தான் இங்க நிப்போம்."

"அப்புறம்?"

"அப்பா வந்து ரூமப் பூட்டிட்டு, ஜன்னல அடைச்சாரு. கூட்ட எடுக்கணும், நாளைக்கு எடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு. அவருக்குப் பூட்டத் தெரியும். முடிக்கத் தெரியாது. சாவிய எங்கயோ வீசிட்டாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. பையன் பயந்தாங்கொள்ளியா ஆயிடுவானாம்."

"அதனாலதான் நீ நர்ஸ் ஆனியா?" என்று மெதுவாகக் கேட்டார் கண்டக்டர். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவருக்கு இது புதுச் செய்தி.

"இல்ல. ஹாஸ்டல்ல சாப்பாடு ஃப்ரீ."

டப்பாவைத் திறந்தாள். இரண்டு ஊசிக்குழல், மூன்று சின்ன மருந்துக் குப்பி, பஞ்சு. மாத்திரை ஒன்றுகூட இல்லை.

"இது மூச்சத் திறக்கிற மருந்து. நாலு மாசமா உன் பின்னாலதான் சுத்துது. இப்பவும் உனக்கு அப்படி ஆகுமான்னு தெரியாது. இங்க இருந்துக்கிட்டு தெரிஞ்சுக்க ஒரே வழி இன்னொரு கொட்டு வாங்குறதுதான். அது எனக்குத் தேவையில்ல. இந்தக் கூடு எப்பவோ செத்திருக்கும்னு நினைச்சேன். வயல்ல பாத்தது எல்லாம் எங்கிருந்தோ வர்றதுன்னு நினைச்சேன்."

லிஃப்ட்காரன் சுவரில் சாய்ந்தான். முதுகில் அந்தச் சுவரின் சூடு தெரிந்தது.

"இங்க வர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்ட."

"வந்திருப்பேனோ என்னவோ."

"அந்த என்னவோவ நம்பி நான் வேலைய விடல." அக்கா அவனை நேராகப் பார்த்தாள். "நீ இல்லாம இந்த நிலத்துல ஒரு குழாய்கூட ஓடாது. எனக்கு நீ வேணும். அதான் சொல்லல. தப்புதான்."

அக்கா தப்பு என்று சொல்லி அவன் கேட்டதில்லை. கோபம் வந்தது, ஆனால் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. சட்டைப்பையில் கை விட்டான். மஞ்சள் குண்டுகள் கையில் உருண்டன.

"நாளைக்கு அடுத்த செட் பூ விரியும்," என்றான். "மொட்டப் பாத்தேன். ஒவ்வொரு கொடியிலயும் ரெண்டு, மூணு. அதுக்கு மேல பூக்காது."

"தெரியும்."

"உள்ள இருக்கிறது நாளைக்கு வரைக்கும் தாங்காது. தரையப் பாத்தேன்."

"அதுவும் தெரியும்."

"அடைச்சது நான். உடைக்கிறதும் நான்தான். வேற யாராலயும் முடியாதுக்கா, அது லிஃப்ட் கம்பிக்கு போல்ட் பதிக்கிற சிமென்ட். கல்லு மாதிரி."

"நீ செத்துட்டா நான் பூசணிய வச்சுக்கிட்டு என்ன பண்றது? தலைக்கு வச்சுப் படுத்துக்கவா?"

"கதவத் திறந்து விட்டுட்டா?" என்றார் கண்டக்டர்.

"அத்தனையும் வீட்டுக்குள்ள வரும்," என்றாள் அக்கா. "வழி அங்கதான். அதுங்களுக்குத் தெரிஞ்ச வழி." எழுந்து நின்றாள். முழங்கால் இரண்டும் சடக்கென்றது. "ட்ரில் போட்டா அதிரும், வெறி பிடிக்கும். கையால உளி வச்சு ஓரமா பெயர்க்கணும். நான் பண்றேன்."

"உனக்கு உளி பிடிக்கத் தெரியுமா?"

"எலும்பு டாக்டர் பக்கத்துல பதினஞ்சு வருஷம் நின்னிருக்கேன். எத்தன இடுப்பு எலும்ப அவரு செதுக்கும்போது நான் பிடிச்சிருக்கேன் தெரியுமா? உன் சிமென்ட்டுக்கு வலிக்கக்கூட வலிக்காது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. தையல்காரி கொசுவலையை வெட்டி, அகலத் தொப்பியின் விளிம்பில் வைத்து ஓட்டினாள். பவர் மெஷின் சத்தம் நடை முழுக்கக் கேட்டது. சுவரும் அதே சுருதியில் இருந்தது. ஒரு தடவை அவள் காலை எடுத்துவிட்டாள். மெஷின் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. துணியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து கேட்டாள். பிறகு மறுபடியும் ஓட்டினாள்.

லிஃப்ட்காரன் மேஜை மேல் காகிதம் விரித்து வட்டம் போட்டான். எந்த ஓரத்தில் சிமென்ட் மெல்லியது, எங்கே கட்டை விரலால் வழித்தான், உளியை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும். அக்கா கேட்டுக்கொண்டாள். வெளியே தொற்றிக்கொண்டிருக்கும் கொத்தை வாத்து இறகால் மெல்ல ஒதுக்குவது என்று முடிவானது.

"நான் தள்ளி நிக்கிறேன்," என்றார் கண்டக்டர். "ஒரு விசில் அடிச்சா இறங்கிடு. ரெண்டு விசில் அடிச்சா போகலாம் ரைட்."

"வாழ்க்கையில மொத தடவ உங்க விசில் எனக்கு உபயோகப்படுது," என்றாள் அக்கா.

பத்து மணிக்கு அவள் தயாரானாள். ஆபரேஷன் கவுன், இரண்டு ஜோடி கையுறை, தொப்பி, வலை. முகம் வலைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றால் சோப்பும் மருந்தும் கலந்த மணம் வந்தது. அந்த மணத்தோடுதான் அவள் அவனுடைய எல்லாக் காய்ச்சலுக்கும் வந்து நின்றிருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

டப்பாவைத் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். "எங்க குத்தணும்?" என்று அவளையே கேட்டாள்.

"தொடையில. வெளிப்பக்கம். பேன்ட்டோடயே."

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"பத்து எண்ணுற வரைக்கும். அண்ணி, நாப்பது தடவ சொல்லிட்டீங்க."

"நாப்பத்தொண்ணாவது தடவ சொல்லு."

சொன்னாள்.

"ரெண்டு பேரும் சமையலறைக்குள்ள போங்க. ஜன்னலெல்லாம் சாத்தியாச்சு. கதவுக்கு அடியில ஈரத்துணி வச்சிருக்கேன். நான் வந்து திறக்கிற வரைக்கும் வெளிய வரக் கூடாது."

லிஃப்ட்காரன் வாசற்படியில் நின்றான். மனைவி உள்ளே போய் டப்பாவை மேஜையில் வைத்து, அவனுக்கு முதுகு காட்டி, குப்பிகளை வெளியே எடுத்து வரிசையாக அடுக்கத் தொடங்கினாள்.

"நான் நடையிலயே நிக்கிறேனே. ஏணி வழுக்கினா..."

"ஏணிக்கு உன் மாமா இருக்காரு."

"அவரு தள்ளியில்ல நிப்பாரு."

"டேய்."

அக்கா கவுனுக்குள் கைவிட்டு எதையோ எடுத்தாள். சிவப்பாக இருந்தது. அவனுடைய பூட்டு. மெயின் பெட்டியில் சாவியோடு தொங்கவிட்டிருந்ததைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறாள்.

"ஆபத்துக்குள்ள போறவ பையிலதான் சாவி இருக்கணும்," என்றாள். "நீ சொன்னதுதானே. மாமாவுக்கு டீகூடக் குடுக்காம சொன்ன."

இருபது வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன பாடம். ஒரு அடி பின்னால் வைத்து உள்ளே போனான்.

அப்போதுதான் பார்த்தான்.

சமையலறைத் தொட்டியில் குழாயின் வாய் எப்போதும்போல் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சரிபண்ணும் அவன், அந்தச் சொட்டை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தான். சொட்டு விழும் இடத்தில், ஈரத்தின் விளிம்பில், ஒரு தேனீ நின்றுகொண்டிருந்தது. வெளியே தங்கிப்போனவற்றில் ஒன்று. ஜன்னலைச் சாத்தும் முன்பே வந்திருக்க வேண்டும். நாக்கை நீட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மடக்குக்கும் அதன் வயிறு தொலைநோக்கிக் குழாய்போல் நீண்டு சுருங்கியது. உடம்பில் மயிர் இருந்தது, தங்க நிறத்தில். இவ்வளவு கிட்டத்தில் அவன் ஒன்றைப் பார்த்தது முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால். அது ஞாபகம் இல்லை.

இவ்வளவுதான் இருந்தது. அரிசி அளவு. அந்த அறை முழுவதையும் கட்டியது இதுதான். அப்பாவை அவனைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடவிட்டதும் இதுதான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா ஏணியில் ஏற மாட்டாள். கவுனைக் கழற்றிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாள். மத்தியானம் ஆகும். சுவருக்குப் பின்னால் சத்தம் அடங்கிவிடும்.

"என்னடா பாக்குற?" என்றாள் அக்கா கதவருகிலிருந்து.

"ஒண்ணுமில்ல," என்றான். "குழாய் சொட்டுது. நீ போ."

கதவு சாத்தியது. கொக்கி விழுந்தது. அவனுடைய சிவப்புப் பூட்டு அந்தப் பக்கத்தில், அவனுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சத்தத்தோடு, பூட்டிக்கொண்டது.